ஓடாத படத்தின் பூதம்

டார்ச்காரர் மனிதர்களைப் பின்னந்தலையை வைத்துத்தான் எடை போடுவார். திரையரங்கின் இருட்டில் இடம் காட்டிவிட்டுப் பின்சுவரோரம் நின்றே அவர் ஆயுளில் பாதி போயிருந்தது. அங்கிருந்து பார்த்தால் உலகம் வெறும் பின்னந்தலைகளாகத்தான் தெரியும். சீப்பைக் காணாத தலை. முன்பக்கம் மட்டும் சாயம் பூசிக்கொண்ட தலை. பெண்டாட்டி திரையைப் பார்க்கும்போது வேறு பக்கம் திரும்பும் தலை.

"முகத்தை எவனும் கழுவிக்கிட்டுதான் வர்றான். பின்னந்தலையைக் கழுவ எவனுக்கும் தோணலை. ஆள் யாருங்கிறது அங்கேதான் இருக்கு" என்பார்.

முன்கூடத்தில் பாப்கார்ன் விற்கும் அம்மாள் ஒருநாள் கேட்டாள்: "உங்க பின்னந்தலையை நீங்க பார்த்திருக்கீங்களாண்ணே?"

"எனக்கெதுக்கு? என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"அதானே. தெரிஞ்சுதான் எல்லார் மேலயும் எரிஞ்சு விழறீங்க."

அவள் சொன்னதில் தவறில்லை. நீண்ட சினிமாவை விரும்புகிறவர்களை அவருக்குப் பிடிக்காது, குட்டையான சினிமாவை விரும்புகிறவர்களையும் பிடிக்காது. பாட்டுக்கு எழுந்து போகிறவன் ரசனை கெட்டவன். பாட்டுக்கு உட்கார்ந்திருப்பவன் வேலையற்றவன். குழந்தைகளைக் கூட்டி வருகிறவர்கள் எல்லாரையும்விட மோசம். ஒன்றைப் பெற்றுவிட்டு, அதைச் சமாளிக்க முடியாமல் இருட்டறைக்குள் கொண்டுவந்து அடைக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

அரங்கின் படிகளில் சின்னச் சின்ன விளக்குகள் பதித்த வருடம் அவருடைய டார்ச்சுக்கு வேலை போயிற்று. விளக்குகளே இடம் காட்டின. பெரிய முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. இரக்கம் காரணமல்ல, மறதி. சுவரோரம் நிற்கிற ஆளைச் சுவர் என்றே நினைத்துப் பழகியிருந்தார்.

அதே வருடப் பள்ளி விடுமுறைக்கு இரண்டு கார்ட்டூன் படங்கள் சேர்ந்தாற்போல வந்தன. இரண்டும் தேவதைக் கதைகள். ஒன்று 'தங்கச் சிறகு'. பறக்கப் பயந்த ஓர் அன்னம் கடைசியில் பறக்கிற கதை. இன்னொன்று 'கிணற்றடிப் பூதம்'. தன் நிழலைக் கிணற்றுக்குள் தவறவிட்ட பூதம் ஒன்று அங்கேயே காவல் கிடக்கிறது. ஒரு பெண் வாளியைப் போட்டு அந்த நிழலை இறைத்துக் கொடுக்கிறாள். நிழல் காலில் ஒட்டியதும் பூதம் இளவரசனாகிவிடுகிறது. கன்னத்தில் குழி விழும் இளவரசன்.

'தங்கச் சிறகு' பிய்த்துக்கொண்டு ஓடியது. 'கிணற்றடிப் பூதம்' அந்த வாரத்தோடு சுருண்டது. கூட்டம் வந்தால் நல்ல படம், வராவிட்டால் கெட்ட படம். இது பெரிய முதலாளி கண்டுபிடித்த அளவுகோல் அல்ல. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் தொப்புள்கொடியோடு கொண்டுவருவது.

டார்ச்காரர் அந்த வாரம் முழுக்கப் பூதப் படத்தை எல்லாக் காட்சிகளும் பார்த்தார். காலி அரங்கில் குளிர்ச்சி நன்றாக இருந்தது என்பதுதான் காரணம். பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூதம் அழுதது. ஒரு தடவை அழுதால் போனால் போகிறது என்று விடலாம். கிணற்றைப் பார்த்து அழுதது, நிலவைப் பார்த்து அழுதது, வாளியைப் பார்த்து அழுதது. அழாத நேரத்தில் பாடியது. 'பூதம்னா பயமுறுத்தணும். இது என்ன, மாமியார் வீட்டுக்குப் போன புதுப்பொண்ணு மாதிரி மூக்கைச் சிந்திக்கிட்டு' என்று காலி நாற்காலிகளிடம் சொன்னார். படம் ஓடாததில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. உலகம் தற்செயலாக ஒரு விஷயத்தில் சரியாக நடந்துகொண்டது என்று நினைத்தார்.

படக் கம்பெனிகள் முன்கூடத்தில் நிறுத்துவதற்கு ஆளுக்கொரு வேஷம் அனுப்பியிருந்தார்கள். வெள்ளை இறகுகளோடு அன்ன வேஷம். பச்சை நைலான் முடியும் பஞ்சும் வைத்துத் தைத்த பூத வேஷம். அன்னத்துக்குள் போனவன் டார்ச்காரரின் மைத்துனன். உயரமானவன், எடுப்பான மூக்கு. உள்ளே யார் இருந்தாலும் வெளியே தெரியாத வேஷத்துக்கு மூக்கு எதற்கு என்று டார்ச்காரர் கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. பூதத்துக்கு ஆள் கிடைக்காமல் பெரிய முதலாளி சுவரைப் பார்த்தார். சுவரோரம் இவர் இருந்தார்.

"சும்மாதானே நிக்கிறே. இதுக்குள்ள நில்லு."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"படம் ஓடற வரைக்கும்."

படம் ஓடவில்லை. ஆனால் வேஷத்தைத் திருப்பி வாங்கிப்போகக் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. தோற்ற படத்தின் துணியைத் தேடி யார் வருவார்கள்? கழற்று என்று அவரிடம் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இப்படித்தான் அவர் பூதமானார்.

அந்த வேஷத்தில் ஒரு பிழை இருந்தது. தைத்த புண்ணியவான் பூதத்தின் இரண்டு பாதங்களையும் இடது பாதமாகவே தைத்துவிட்டான். போட்டுக்கொண்டு நடந்தால் வலது கால் தன் வழியில் போகாது. எங்கே நேராகக் குறிவைத்தாலும் உடம்பு வளைந்து பீச்சாங்கைப் பக்கமே போய் நிற்கும். முதல் நாளே ஒரு பையன் அவர் வாலைப் பிடித்து இழுத்தான். அவனைப் பிடித்து ஓர் அறை வைக்கலாம் என்ற ஒரே எண்ணத்தோடு டார்ச்காரர் பாய்ந்தார். வளைந்து போய்த் தூணைக் கட்டிக்கொண்டார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுபடி இழுத்தான். மறுபடி தூண்.

அந்தப் பையனுக்கு இப்போது மீசை முளைத்திருக்கும். ஆனால் அவன் ஆரம்பித்து வைத்தது நிற்கவில்லை. பூதம் பாயும்போது அதன் சோற்றுக்கைப் பக்கம் ஓடுகிற பிள்ளை தப்பிக்கும். பீச்சாங்கைப் பக்கம் ஓடுவது மாட்டும். மாட்டியதைப் பூதம் ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடும். இந்த விதி எப்படியோ பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியிருந்தது. கூடத்துக்குள் நுழையும்போதே "சோத்துக்கை! சோத்துக்கை!" என்று கத்திக்கொண்டு வருவார்கள். படத்துக்கு வந்தவர்களா, இதற்கு வந்தவர்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வேஷத்துக்குள்ளிருந்து டார்ச்காரர் அவர்களைத் திட்டுவார். "வாடா, சொட்டைத்தலையன் பெத்த சோம்பேறி. உங்கப்பன் டிக்கெட்டைத் தொலைச்சுட்டுத் தேடறான், நீ இங்க ஆடறே." இவ்வளவும் பஞ்சைத் தாண்டி வெளியே வரும்போது "வ்ர்ர்ர்ர்" என்று மட்டும் கேட்கும். பிள்ளைகளுக்கு மெய்சிலிர்த்துப் போகும். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்பார்கள்.

திரைச்சீலை தைக்க வந்த தையல்காரர் ஒருவர், அவர் நடையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, சரியான வலது பாதம் ஒன்று தைத்துத் தருவதாகச் சொன்னார்.

"இடுப்புப் போயிடும் பெரியவரே. ஒரு மணி நேர வேலைதான். காசு வேண்டாம்."

"என் இடுப்பு, நான் பார்த்துக்கறேன். நீங்க உங்க திரையைப் பாருங்க" என்றார் டார்ச்காரர்.

வீட்டில் ராத்திரி தைலம் தேய்த்துவிடும் மனைவிக்கு இந்தக் கதை தெரியும். அவள் அதைப்பற்றிப் பேசுவதில்லை. தன் தம்பியைப் பற்றிப் பேசுவாள்.

"என் தம்பி எடுத்த எடுப்பிலேயே அன்னமா நின்னான். ஊரே அவன் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிச்சு. உங்களுக்கு வாய்ச்சது பூதம்."

"உங்க குடும்பத்துல எல்லாருக்கும் இறகு உண்டு. மூளைதான் முளைக்கலை."

அன்னம் ஒரு வருடம் நின்றது. இறகு உதிர்ந்தது. அதற்குள் வேறு படங்கள் ஓடின, அவற்றின் வேஷங்கள் வந்தன, அவையும் போயின. 'தங்கச் சிறகு' விளம்பரத் தட்டி இன்னும் மாடிப்படித் திருப்பத்தில் தொங்குகிறது. போன மாதம் ஒரு குழந்தை அதைக் காட்டித் தன் தாயிடம் "அம்மா, இது வாத்தா?" என்று கேட்டது. டார்ச்காரருக்கு அன்று இரண்டு வேளைச் சாப்பாடு இறங்கியது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தபோது அதை அப்படியே சொன்னார்.

"என்ன இருந்தாலும் ஓடின படம் மாமா. வசூல்னா வசூல். அதை யாராலயும் அழிக்க முடியாது."

"ஓடிடுச்சு இல்லே மாப்ளே. அதான் ஆளைக் காணோம்."

மைத்துனன் இப்போது கைபேசி உறைகள் விற்கிறான்.

இப்படியே போயிருக்கும். நடுவில் விரிவுரையாளர் வந்தார்.

கல்லூரியில் சினிமா பற்றிப் பாடம் நடத்துகிறவர். தோளில் துணிப்பை, நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி. பின்னந்தலையில் ஒரு குடுமி. டார்ச்காரர் குடுமியைத்தான் முதலில் பார்த்தார், பார்த்ததுமே அவர் கணக்கு முடிந்துவிட்டது. விரிவுரையாளர் நான்கைந்து பள்ளிகளுக்குப் போய், 'கிணற்றடிப் பூதம் தெரியுமா?' என்று கேட்டிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கியிருக்கிறார்கள். 'தங்கச் சிறகு தெரியுமா?' ஒரு கையும் இல்லை. படத்தைப் பார்த்தீர்களா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. தெரிந்தால் பார்த்திருப்பார்கள் என்பது படித்தவர்களின் கணக்கு. இந்த ஊர்ப் பிள்ளைகளில் அந்தப் படத்தைப் பார்த்தது ஒன்றுகூடக் கிடையாது.

தூணோரம் வந்து நின்று டார்ச்காரரிடமும் பேட்டி எடுத்தார்.

"இத்தனை வருஷமா இந்தப் பாத்திரத்தோட வாழ்ந்திருக்கீங்க. படத்தைப் பத்தி என்ன நினைக்கிறீங்க ஐயா?"

"குப்பை."

விரிவுரையாளர் புன்னகை செய்தார். "உங்க கோபம் புரியுது. மக்கள் கைவிட்டதால வந்த கோபம்."

"மக்கள் செஞ்சது சரி. டிக்கெட் வாங்கி வந்திருந்தா நானும் கைவிட்டிருப்பேன். குளிர்ச்சிக்காக உட்கார்ந்திருந்தேன்."

"அற்புதம்" என்றார் விரிவுரையாளர். அதைத் தவிர வேறெதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

கட்டுரை வெளிவந்தது. வசூல் ஒரு கலையின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. அன்று தோற்ற படம் இன்று குழந்தைகளின் மனத்தில் அழியாமல் வாழ்கிறது. பூதத்தின் கோணல் நடையில் இயக்குநர் ஒரு தலைமுறையின் தடுமாற்றத்தையே வரைந்திருக்கிறார். இப்படிப் போயிற்று. பாப்கார்ன் அம்மாள் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். படத்தில் பூதம் நேராகத்தான் நடக்கும். கோணல் நடை வேஷம் தைத்தவனுடையது. டார்ச்காரர் கேட்டுவிட்டு, "இவனுக்கும் ரெண்டும் இடது காலா இருக்கும்" என்றார்.

கட்டுரை யார் மூலமோ சின்ன முதலாளியின் கைபேசிக்குப் போனது.

பெரிய முதலாளி காலமான பிறகு அரங்கம் மகன் கைக்கு வந்திருந்தது. சின்ன முதலாளி எதையும் நன்றாக இருக்கிறது என்றோ மோசம் என்றோ சொன்னதில்லை. 'போகுது' என்பார், அல்லது 'போகலை' என்பார். கல்யாணமான புதிதில் யாரோ வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தபோதும் 'போகுது' என்றாராம். அவர் டார்ச்காரரை அறைக்குக் கூப்பிட்டார். குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. மேஜையில் மூன்று கைபேசிகள்.

"பெரியவரே, உங்க படத்தைத் திரும்பப் போடப்போறேன்."

"நான் எப்போ தம்பி படம் எடுத்தேன்?"

"பூதப் படம். எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியுதாமே. அழியாத படம்னு எழுதியிருக்கார். விடுமுறைக்குப் போட்டா பிச்சுக்கும். அவரே வந்து முன்னாடி பேசறேன்னுட்டார்."

"வேண்டாம் தம்பி. நல்லா இருக்காது."

"நல்லா இருக்கிறதுக்கும் ஓடறதுக்கும் என்ன சம்பந்தம்?" சின்ன முதலாளி உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது.

டார்ச்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "சரி, ஓடிச்சுன்னா?"

"ஓடிச்சுன்னா புது வேஷம் வாங்கறேன். படத்துல கடைசியில இளவரசனா மாறுதில்லே, அதே மாதிரி. முன்னாடி ஜிப். பூதத்தைத் திறந்தா உள்ளே இளவரசன். வாட்டசாட்டமா ஒரு பையனைப் பார்த்து வச்சிருக்கேன். உடற்பயிற்சிக் கூடத்துல வேலை செய்யறான்."

"ஓடலைன்னா?"

"ரெண்டு தரம் தோத்த பூதத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அந்தத் தூண்கிட்ட இடுக்கியால பொம்மை எடுக்கிற மெஷினை வச்சுடலாம். அது நல்லாப் போகுது."

"அப்போ நான்?"

சின்ன முதலாளி இரண்டாவது கைபேசியை எடுத்தார். "அதான், ஓடட்டும், பார்ப்போம்னு சொல்றேன்ல."

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. படம் ஓடினாலும் அவருக்கு வேலை போயிற்று, ஓடாவிட்டாலும் போயிற்று. ஓட்டத்தை வைத்து எல்லாவற்றையும் அளக்கிறவன் ஒரு பக்கம். ஓட்டத்தை வைத்து அளக்கக்கூடாது என்று மேடையேறுகிறவன் ஒரு பக்கம். இரண்டு பேரும் கைகோர்த்துக்கொண்டு அவர் கழுத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இவர்களில் யார் பெரிய மடையன் என்று யோசித்தபடியே பேருந்தில் வீட்டுக்குப் போனார். இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்வரை முடிவு செய்ய முடியவில்லை.

மனைவி பூதத்தின் முழங்கையில் பிய்ந்திருந்த முடியைப் பச்சை நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அவள் மடியில் செத்த விலங்கு போலக் கிடந்தது. விஷயத்தைச் சொன்னார்.

"போனாப் போகுதுங்க. எத்தனை நாளைக்கு இந்தப் பஞ்சுக்குள்ள வேகறது? வீட்டுல உட்காருங்க."

"வீட்டுல உட்கார்ந்து யாரைத் திட்டறது?"

"நான் இல்லையா?"

"நீ திருப்பித் திட்டுவே."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "பிள்ளைங்க படத்தைப் பார்த்துட்டாத்தான் என்ன? அப்பவும் உங்ககிட்ட ஓடி வரத்தானே போகுதுங்க."

"உனக்குத் தெரியாது. நீ படம் பார்க்கலை. அதுல பூதம் அழுமூஞ்சி. ஒரு பிள்ளையைக்கூடத் துரத்தாது. வேகமா நடந்தாலே அதுக்கு மூச்சு வாங்கும். பார்த்துட்டா, பூதம்னா இவ்வளவுதானான்னு ஆகிடும். அப்புறம் எவன் ஓடுவான்? நான் பாய்ஞ்சா, நின்னு பார்ப்பான்." பிறகு அவசரமாகச் சேர்த்தார்: "பார்க்கட்டும். எல்லாம் ஒரு குட்டையில ஊறின மட்டைங்க. எனக்கென்ன வந்தது?"

மனைவி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்கையில் இன்னொரு தையல் போட்டாள். தேவையில்லாத தையல்.

விடுமுறையின் முதல் ஞாயிறு காலைக் காட்சிக்கு அரங்கு நிறைந்தது. ஒரு நாற்காலி மிச்சமில்லை. பூதத்தின் படமே வருகிறது என்றதும் பிள்ளைகள் பெற்றோர்களை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். சின்ன முதலாளி கதவருகே நின்று தலைகளைப் பார்த்து, "போகுது, போகுது" என்று யாருக்கோ கைபேசியில் சொன்னார். அவர் பக்கத்தில் அந்த வாட்டசாட்டமான பையன் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான்.

விரிவுரையாளர் மேடையில் பேசினார். "வசூல் என்பது ஒரு வாரத்தின் தீர்ப்பு. கலை என்பது காலத்தின் தீர்ப்பு" என்றார். முன்வரிசையிலிருந்து ஒரு பாப்கார்ன் பறந்து வந்து அவர் கண்ணாடியில் பட்டது. அது யாருடைய தீர்ப்பு என்று தெரியவில்லை. அவர் தொடர்ந்து பேசினார்.

டார்ச்காரர் பூதத்தின் உடம்போடு, தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்சுவரோரம் தன் பழைய இடத்தில் நின்றார்.

படம் ஆரம்பித்தது. பூதம் கிணற்றிலிருந்து எழுந்தபோது அரங்கே கூவியது. பிறகு பூதம் அழுதது. கூவல் நின்றது.

"எப்பப்பா துரத்தும்?" ஒரு குரல்.

"இரு, இப்பத் துரத்தும்."

பூதம் பாடியது. ஒரு குழந்தை ஒன்றுக்குப் போக வேண்டும் என்றது. இன்னொன்றும் அதையே சொன்னது. நிலவைப் பார்த்து அழுகிற கட்டத்தில், தந்தை ஒருவர் குறட்டை விட்டார். வாளிக் கட்டம் வந்தது. நிழல் ஏறி வந்து காலில் ஒட்டியது. பச்சை முடியெல்லாம் உதிர்ந்து, கன்னத்தில் குழி விழ, இளவரசன் நின்றான். யாரும் கை தட்டவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. அவ்வளவு பிள்ளைகள் ஒரே நேரத்தில் சத்தமில்லாமல் இருந்ததை அந்த அரங்கில் அவர் கேட்டதே இல்லை.

எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது நடந்தால் அவருக்கு வழக்கமாக ஒரு திருப்தி வரும். இன்று வரவில்லை. விளக்கு போடுமுன் முன்கூடத்துக்குப் போய், பூதத்தின் தலையை மாட்டிக்கொண்டு, தூணருகே நின்றார்.

கதவுகள் திறந்தன. பிள்ளைகள் வந்தார்கள். ஓடி வரவில்லை, நடந்து வந்தார்கள். அவரைச் சுற்றி அரைவட்டமாக நின்று, நோயாளியைப் பார்க்க வந்த உறவினர்கள் போல ஏற இறங்கப் பார்த்தார்கள்.

டார்ச்காரர் பாய்ந்தார். வளைந்து போய்த் தூணில் மோதினார். திரும்பிப் பார்த்தார். யாரும் ஓடவில்லை. சோற்றுக்கைப் பக்கமும் ஓடவில்லை, பீச்சாங்கைப் பக்கமும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"மாறு" என்றான் ஒரு பையன்.

"ஆமா, நீ மாறுவியாமே. மாறு."

"மாறு! மாறு!" என்று எல்லாரும் ஆரம்பித்தார்கள். ஒருவன் வயிற்று முடியைப் பிடித்து இழுத்தான், உள்ளே ஜிப் இருக்கிறதா என்று. தந்தை ஒருவர் கைபேசியை நீட்டி, "பெரியவரே, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்து மாறுங்க, வீடியோ எடுக்கறேன்" என்றார். விரிவுரையாளர் சின்ன முதலாளியின் தோளைத் தொட்டு, "பார்த்தீங்களா, படம் பிள்ளைங்களை எந்த அளவுக்குத் தொட்டிருக்கு!" என்றார். சின்ன முதலாளி சூயிங்கம் பையனைப் பார்த்தார். பையன் மெல்லுவதை நிறுத்திவிட்டு நெஞ்சை நிமிர்த்தினான்.

பூதத்துக்குள் டார்ச்காரர் திட்டிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிடக் கெட்ட வார்த்தைகள். வெளியே "வ்ர்ர்ர்ர்" என்றது. யாருக்கும் மெய்சிலிர்க்கவில்லை.

அவர் இரண்டு கைகளையும் உயர்த்திப் பூதத்தின் தலையைக் கழற்றினார்.

வழுக்கை வேர்வையில் மின்னியது. காதோரம் இருந்த நாலு முடியும் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. பஞ்சின் பச்சைத் துகள் மூக்கிலும் புருவத்திலும் படிந்திருந்தது. மேல்வரிசைப் பல்செட்டை வேஷத்துக்குள் போகும்போது கழற்றிவைப்பது அவர் வழக்கம், மேலுதடு உள்வாங்கியிருந்தது.

"மாறிட்டேன்" என்றார். "இவ்வளவுதான். இதுதான் உங்க இளவரசன். நல்லாப் பார்த்துக்கங்க."

கைபேசி நீட்டியவர் அதைக் கீழே இறக்கினார். சின்னதாக ஒரு குழந்தை அழத் தயாராகி உதட்டைப் பிதுக்கியது. முன்னால் நின்ற சிறுமி, முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியவள், கழுத்தைச் சாய்த்து அவர் முகத்தை மெதுவாகப் பார்த்து முடித்தாள்.

"சீ" என்றாள். "இதுக்கா அத்தனை அழுகை?"

"நான் அழலை. அது படத்துல" என்றார் டார்ச்காரர்.

"தெரியும். அது வேற." அவள் படத்தை அந்த ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டாள். "நீ போட்டுக்கோ."

"எதை?"

"தலையை. சீக்கிரம் போட்டுக்கோ. நாங்க பார்க்கலை." அவள் திரும்பி மற்றவர்களிடம் அதட்டினாள். "யாரும் பார்க்கலை. கண்ணை மூடுங்க. டேய், உன்னைத்தான்."

பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். விரலிடுக்கு வழியாகப் பார்த்த ஒருவனுக்குச் சிறுமியிடமிருந்து குட்டு கிடைத்தது. டார்ச்காரர் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார், உடனே திருப்பிக் கொடுத்தும் இருக்கிறார். இப்போது சிறுமி சொன்னபடியே தலையை மாட்டிக்கொண்டார்.

"வாடி, வாயாடி" என்றார் உள்ளே. "வ்ர்ர்ர்ர்" என்றது வெளியே.

"சோத்துக்கை!" என்று அலறிக்கொண்டு சிறுமி தாவினாள். கூடம் சிதறியது. கைபேசிக்காரரின் மகன் பீச்சாங்கைப் பக்கம் ஓடி மாட்டினான்.

மத்தியானக் காட்சிக்கும் அதே படம்தான். நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் பெண் சின்ன முதலாளியிடம் வந்து, மூன்று குடும்பங்கள் ஒரே கேள்வியைக் கேட்பதாகச் சொன்னாள்: படம் வேண்டாம், பூதத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டா? அவர் எட்டிப் பார்த்தார். அரங்குக்குள் விரிவுரையாளர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார், கேட்கப் பத்துப் பதினைந்து பேர். கூடத்தில் நிற்க இடமில்லை. பாப்கார்ன் இரண்டாவது மூட்டை பிரித்தாயிற்று. சின்ன முதலாளி கைபேசியை எடுத்தார், யாருக்கோ சொல்லத் தொடங்கினார், போகுது என்று சொல்வதா போகவில்லை என்று சொல்வதா என்று தெரியாமல் வைத்துவிட்டார்.

இடைவேளை சமயத்தில் டார்ச்காரர் முன்கூடத்தை ஒட்டிய சாமான் அறையில் இருந்தார். தலை முழங்காலில். கையில் தண்ணீர்ச் செம்பு. சின்ன முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"படம் நாளையிலேர்ந்து கிடையாது."

"நல்லது" என்றார் டார்ச்காரர். பிறகு, செம்பைப் பார்த்தபடி, "தூண்கிட்ட மெஷினா?" என்றார்.

"மெஷினை மாடியில வைக்கச் சொல்லிட்டேன். நீங்க வாங்க. எப்பவும் போல வாங்க."

"அந்தப் பையன்?"

"அவன் ஜிம்முக்கே போகட்டும்." சின்ன முதலாளி அவரை நேராகப் பார்த்தார். பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒண்ணு மட்டும். இனிமே தலையை வெளியில கழட்டாதீங்க பெரியவரே. பார்க்கச் சகிக்கலை."

"தண்ணி குடிக்கணுமே."

"இங்கே வந்து குடிங்க. யார் கண்ணுலயும் படாம."

"அப்போ நீங்க கதவைச் சாத்திக்கிட்டுப் போங்க" என்றார் டார்ச்காரர். "வேலை செய்யற நேரத்துல நிக்கிறீங்க."

வெளியே பிள்ளைகள் தூணைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். சின்ன முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு போனார்.